நாய்க்குப் போன அழுகை

அன்புத் தங்கைக்கு,

புதுமுகத் தேர்வில் தோற்றுவிட்டோமே என்று இனி மருகாதே. "அம்மா செத்தன்னிக்கு எப்படி அழுதே? அப்படியே அழும்மா" என்று எங்கள் ஸ்டுடியோ முதலாளி கேட்டதும் கேமரா முன்னால் தேம்பினாயே, அதை வெட்டி ஒரு படத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

விற்கப்போகும் படங்களைப் போட்டுச் சரிபார்ப்பதுதானே என் வேலை? இன்று பார்த்தேன். கதாநாயகியின் நாய் சாகிறது; அதற்கு நீ விம்மி விம்மி அழுகிறாய். படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

அந்த ஆளோ பல்லைக் குத்திக்கொண்டே, "படத்தோட உரிமையை வாங்கறவங்களுக்கு அந்த அழுகைதான் பிடிச்சிருக்கு. உன் தங்கச்சியை மறுபடி வரச் சொல்லு" என்கிறார்.

இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. நம் அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த ஆள் இப்போதே ஆசையாக விசாரிக்கிறார்.

உன் அக்கா