சத்தமாகப் படித்த கடிதம்

12.8.1981, புதன்

ஈப்போ ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் முடிந்த பதின்மூன்று வயதுச் செல்வி இன்று எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தாள். மருந்துக்கு நின்ற தொழிலாளர் லயத்துப் பெண்கள் அவள் வயிற்றையே பார்த்தார்கள். சர்ஜன் எழுதிய ஆங்கிலக் கடிதத்தை, இங்கே மருந்து கொடுக்கும் டிரெசரான என்னிடம் நீட்டினாள்.

"டிரெசர் ஐயா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி தமிழ்ல சொல்லுங்க லா."

சொன்னேன். இடது சினைப்பையில் தேங்காய் அளவு கட்டி. புற்று இல்லை. கட்டியோடு அந்தச் சினைப்பையை எடுத்த சர்ஜன், வலதைச் சோதித்து, நன்றாக இருந்ததால் பத்திரமாக விட்டிருக்கிறார். பிற்காலத்தில் இவளுக்குப் பிள்ளை பிறக்கும். என்ன கை அந்தக் கை!

"வயிறு வீங்கினப்ப யாரு புள்ளைன்னு கேட்டீங்கள்ல?" என்று செல்வி பெண்களைப் பார்த்துக் கேட்டாள்.

அதை முதலில் கேட்டவன் நான். போன மாதம், இதே மேஜையில், அவள் அம்மா முன்னால். என்னை மட்டும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை.