நீ சுரண்டி எடுத்த இடம்

நேற்று ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியைக் கடந்து போனேன். குழாயில் எங்கோ கசிவு போலிருக்கிறது. அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நின்றுவிட்டேன். உன் சட்டையின் வாடை அது. உன் ஆபீசில் அம்மோனியா விட்டுப் பிளான் பிரிண்ட் எடுக்கும் அறையிலிருந்து நீ வெளியே வரும்போதெல்லாம் அப்படித்தான் இருப்பாய். உன்னை நினைத்தால் உடனே உன் படத்தில் சிவப்புப் பென்சில் வைத்த அந்த ஆளும் நினைவுக்கு வந்துவிடுகிறான். அதுதான் எனக்கு ஆத்திரம். செத்தவனை நினைக்கும் நேரத்திலும் அவன் பங்கு கேட்கிறான்.

சுனாமி வந்தபோது உன் மனைவி தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில், அவள் தம்பி வீட்டில் இருந்தாள். உனக்குக் கப்பல் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது; அவள் கிடந்த இடத்தை நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். திரும்பி வந்து லம்பா லைனில் என் வீட்டுக்கு வந்தாய். அழவில்லை. டிரேசிங் தாளை விரித்துக் காட்டினாய். வேறு தாளில் வரைய உனக்குத் தெரியாது. கட்டடம், பாலம், படகுத்துறை என்று ஆயுள் முழுக்க வரைந்த கை, தாழை மரம் ஒன்றை வரைந்திருந்தது. அதன் விழுதுகளுக்கு நடுவே அவள். சேலை கிளையைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. ஒரு கால் மட்டும் தண்ணீருக்கு மேலே, மெட்டியோடு. வாயில் மணல்.

“எங்கயும் கூட்டலய்யா, குறைக்கல. இருந்தபடி போட்டிருக்கேன்” என்றாய்.

பிறகு சுனாமிப் படக் கண்காட்சி ஒன்று வைப்பதாகச் சொன்னார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த அந்த அதிகாரி பொறுப்பாளன். நீ படத்தைக் கொண்டுபோனாய். நானும் கூட வந்தேன். அவன் மரத்தை ரசித்தான். அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தான். சிவப்புப் பென்சிலால் அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

“யே பஹுத் கிராஃபிக் ஹை. ஔரத் கோ ஹட்டா தோ.”

ரொம்ப கிராஃபிக்காக இருக்கிறது, பெண்ணை எடுத்துவிடு. காப்பியிலிருந்து ஈயை எடுக்கச் சொல்வதுபோலச் சொன்னான்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: “யோவ் டிக்ஷனரி, கிராஃபிக்னா என்னய்யா?”

நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு வந்து அகராதியைப் பிரித்து வரிசையாகச் சொன்னேன். எழுத்து, கோடு, படம் சார்ந்தது என்பது ஒன்று. கண்முன் நிற்பதுபோல அத்தனை தெளிவானது என்பது இன்னொன்று. ரத்தத்தையும் கோரத்தையும் மறைக்காமல் காட்டுவது என்றும் உண்டு. கணக்கில் போடும் கிராஃப்கூட அந்தக் குடும்பம்தான் என்று தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டேன்.

“அட, படம் போடுறது கிராஃபிக். நல்லாப் போட்டா அதுவும் கிராஃபிக். செத்தவளப் போட்டா அதுவும் கிராஃபிக். அப்ப அந்தாளு என்னத்த வேணாங்கிறான்?”

“மூணாவதை.”

“மூணாவதை எடுத்துட்டா ரெண்டாவது எப்படிய்யா நிக்கும்?”

நான் அகராதியை மூடி வைத்தேன். 

அது உன் சொந்தப் படம். மாட்டேன் என்று சுருட்டி எடுத்து வந்திருக்கலாம். ஆனால் சிவப்புப் பென்சில் விழுந்த இடத்தைத் திருத்தியே பழகிய கை உன்னுடையது. பாதி பிளேடை எடுத்து, மை உதிர உதிர, உன் மனைவியை நீயே சுரண்டினாய். அதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“திருத்தத்துக்கு முந்தின பிரிண்ட் இருக்கவே கூடாதுய்யா. ரெண்டும் சைட்டுக்குப் போனா மேஸ்திரி எதைப் பாத்துக் கட்டுவான்?”

இங்கே எந்த மேஸ்திரி, எந்தக் கட்டடம்? உன் தொழில் வழக்கம் உன்னைவிடப் பிடிவாதமாக இருந்தது. போட்டோகூட இல்லாத அவள் முகம் அப்படித்தான் உலகத்தில் எங்குமில்லாமல் போனது. மரம் மட்டும் கண்காட்சிக்குப் போனது. அதற்குப் பின் நீ எதையும் வரையவில்லை. அதிக நாள் இருக்கவும் இல்லை.

நீ போய்ச் சில ஆண்டுகள் கழித்து ஒரு நினைவு நாள் கூட்டம். அவன் சிறப்பு விருந்தினன். மேடைக்குப் பின்னால் உன் மரம் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு நின்றது. கீழே ‘நம்பிக்கை’ என்று எழுதியிருந்தது. அவனுடைய ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சண்டைக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் கேட்காமல் வருகிறவன். அவன் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

அவன் எழுதியதை வாசிக்கவில்லை. மரத்தின் நடுவே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டி, அங்கே உன் மனைவி இருந்தாள் என்று சொன்னேன். சேலை, மெட்டி, மணல். யார் எடுக்கச் சொன்னார், எந்தக் கை எடுத்தது, எல்லாம் முறையாக. அவனுக்குத் தமிழ் தெரியாது. தன் குறிப்பைத்தான் வாசிக்கிறேன் என்று நினைத்துப் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தான். அந்தத் தலையாட்டலை நான் எப்படி ருசித்தேன் தெரியுமா!

கேம்பல் பேயிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்தாள். “ஸாப், வோ ஔரத் கஹாங் ஹை? அந்தப் பொம்பளைய எங்க வெச்சிருக்கீங்க?”

தலையாட்டல் நின்றது.

கூட்டம் முடிந்து என்னைப் பிடித்துக்கொண்டான். என்ன வாசித்தீர்கள் என்றான். ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, அவள் தலைமுடியிலிருந்து ஆரம்பித்தேன். கழுத்து வரும்போது “பஸ், ப்ளீஸ்”, போதும் என்றான். கையை உயர்த்தினான். நான் நிறுத்தவில்லை. கால் விரல் வரை போய்த்தான் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டான். யார் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்று சொல்லவில்லை.

நான் செய்தது சரியா என்று இன்றும் புரண்டு படுக்கிறேன். “விட்டுத் தொலைய்யா” என்று நீ சொல்லியிருப்பாய். உன்னால் முடியும், உனக்குப் பெரிய மனசு. என் மனசு சின்னது. தங்கச்சி என்று நான் கூப்பிட்ட உன் மனைவியின் வாயில் கிடந்த மணலைச் சொல்லக் கேட்டபோது அந்த ஆளின் முகம் போன போக்கை அதற்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு வரையத் தெரியாது. தெரிந்திருந்தால் உனக்கு அதை வரைந்தே காட்டியிருப்பேன், ஒரு கோடு குறையாமல்.