கூழ் வார்க்காத ஆடி

2024 ஜூலை 25, வியாழன்

அங்கன்வாடியிலிருந்து வந்து கக்கூஸ் போனால் வெள்ளைப் பீங்கானில் சிவப்பு. வலியில்லை, எரிச்சலில்லை. எனக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷமாகிறது. மறுபடியும் தூரமா? வருகிற ஞாயிறு அம்மனுக்குக் கூழ் வார்க்கணும். நேரம் பார்த்து வருகிறது பார்! மகள் பூஜாவிடம் பேட் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 27

பேடில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மூத்திரம் போகும்போது மட்டும் சிவப்பு. அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது? பீட்ரூட்டும் தின்னவில்லை. பிள்ளைகளுக்குக் கண், காது, மூக்கு என்று படம் காட்டுகிறவள் நான். மூத்திரம் ஒரு வழி, தூரம் ஒரு வழி என்று பிள்ளை பெற்ற பிறகும் யோசித்ததில்லை. சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே? கூழ்ப் பானையைத் தொட மனசு துணியவில்லை.

ஜூலை 28

ரத்தம் போகிறது என்று சொல்லிவிட்டுத் தெருமுனையில் நின்றேன். வருஷா வருஷம் நான் தூக்குகிற பானையை என் ஓரகத்தி முனியம்மாள் தூக்கினாள். "யக்கா, நீ தூரமா கீற, அங்கியே நில்லு." குரலில் என்ன அதிகாரம்! வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூலை 30

தெளிவாகப் போகிறது. "சூடுதான். எளநீ குடிச்ச, போயிடுச்சி" என்கிறார் வீட்டுக்காரர்.

சூடு என்றால் எரிந்திருக்கணுமே?

ஆகஸ்ட் 14

திரும்ப வந்துவிட்டது. இந்த முறை பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். அதையே பையில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. "கிருமி, கல்லு, கட்டி, எதனாலயும் வரலாம் சுலோச்சனா. வலிக்காம வர்றத லேசா விடக்கூடாது. நின்னுபோச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல." இளநீர் கதையை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

காஞ்சிபுரத்தில் ஸ்கேன். மூத்திரப்பைச் சுவரில் கட்டி. சின்னதுதான் என்றார்கள். பயமாகீது. பூஜாவுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. வூட்டுக்காரரு சாப்புடாம படுத்துட்டாரு — இன்னா பண்ணப்போறேன்?

செப்டம்பர் 3

பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றைக் கிழிக்கவில்லை. மூத்திரம் வரும் வழியாகவே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இதை யார் கண்டுபிடித்தார்களோ! கட்டிலோரம் மூத்திரம் இறங்குகிற பை தொங்குகிறது. காலையில் ரோஸ், சாயந்திரம் மஞ்சள். "இன்னாம்மா, டிவி மாதிரி பாத்துக்கினே கீற?" என்கிறாள் நர்ஸ்.

செப்டம்பர் 16

ரிசல்ட் வந்தது. புற்றுதான். ஆழமாகப் போகவில்லை, முழுசாக எடுத்தாயிற்று. திரும்ப முளைக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். திரையை என் பக்கமும் திருப்பச் சொல்லப்போகிறேன்.

செப்டம்பர் 19

முனியம்மாள் வந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"யக்கா, எனக்கும் செவப்பா போவுது. ஆடியிலேந்தே."

"கூழ் வாத்தப்பவேவா? ஏண்டி சொல்லல?"

"சொன்னா என்னையும் தெருவுல நிக்க வெச்சிருப்பீங்க."

சுருக்கென்றது. அவளும் ரத்தத்தோடுதான் பானை தூக்கியிருக்கிறாள். ஊரே வாங்கிக் குடித்தது, அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. எரியுதா என்று கேட்டேன். எரிகிறதாம். அப்படியானால் கிருமியாகவும் இருக்கலாம், எனக்கு வந்ததேதான் என்றில்லை. ஆனால் அதை நானும் அவளும் முடிவு செய்யக்கூடாது.

பாட்டிலைக் கழுவி, வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்திருக்கிறேன். காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.