கீழே நின்று கயிறு பிடித்தவர்

ஜூன் 15, ஞாயிறு

சுவா சூ காங் பக்கத்துப் பூங்காவில் பாறை ஏற அனுமதி கொடுத்துவிட்டார்கள்! பழைய கல் குவாரிச் சுவர். இப்போதைக்கு வெள்ளோட்டம்தான்; புகார் வராவிட்டால் நிரந்தரமாகத் திறப்பார்களாம். யா அல்லாஹ், வராமல் இருக்கணும். இத்தனை வருஷம் குளிரூட்டிய கூடத்தில் பிளாஸ்டிக் கல்லில் தொங்கியது போதும்.

இன்று உச்சிவரை போனேன். கீழே கயிறு பிடித்தது மச்சான், என் வீட்டுக்காரர் அலீம். அவருக்கு ஏறவே பயம். எனக்காகக் கயிறு பிடிக்க மட்டும் படித்துத் தேறியவர். பிடிப்பவரின் வலக்கை கயிற்றை விட்டு விலகவே கூடாது. நான் வழுக்கினால் நிறுத்துவது அந்தக் கைதான். நான் கீழே பார்ப்பதே இல்லை. எதுக்குப் பார்க்கணும்? மச்சான் இருக்கிறாரே.

"போதும் நூரு, எறங்கு லா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிறகு தேக்கா சந்தையில் பரோட்டா, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ.

ஜூன் 24, செவ்வாய்

யாரோ படத்தோடு புகார் கொடுத்துவிட்டார்கள். பாறையை மூடியாச்சு.

ஜூன் 25, புதன்

என்னைவிட மச்சான்தான் அதிகம் திட்டினார். "வேலவெட்டி இல்லாதவனுங்க, ஃபோனைத் தூக்கிட்டு அலையுறானுங்க." கேட்டபிறகுதான் எனக்கு அழுகை நின்றது. நல்ல மனுஷன்.

ஜூலை 5, சனி

சமூக மன்றத்தில் கூட்டம். மச்சான் என் பக்கத்து நாற்காலியில். பூங்கா அதிகாரி அந்தப் படத்தைத் திரையில் போட்டார். பாதிச் சுவரில் நான். ஹெல்மெட்டுக்கு அடியில் என் பச்சை ஹிஜாப். நேர் கீழேயிருந்து எடுத்தது. எடுத்தவரின் இடுப்பிலிருந்தே கயிறு கிளம்பி மேலே போகிறது.

அந்த இடத்தில் நின்றது ஒரே ஒருவர்.

திரும்பிப் பார்த்தேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பயமா இருந்துச்சு நூரு. நிறுத்துன்னா நீ கேக்கவா போறே? பாறைய மூடிட்டா நீ ஏறுறத விட்டுருவேன்னு நெனச்சேன்."

பயமாம்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார். அந்தத் தொட்டிலில் நான் வேறு சுகமாகத் தூங்கியிருக்கிறேன். சீ!

ஜூலை 6, ஞாயிறு

புகாரைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். ஆனால் — ஃபோனை எந்தக் கையில் பிடித்தார்?

ஜூலை 7, திங்கள்

கேட்டேவிட்டேன். "ஒரு செகண்ட்தான்," என்றார்.

"ஒரு செகண்டா? அப்ப கால் வழுக்கியிருந்தா? எனக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னுதானே புகார் கொடுத்தீங்க?"

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மச்சான் தானாகவே அதிகாரியிடம் போய், புகார் தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் போகச் சொல்லவில்லை. தேங்க்ஸும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பாறை மறுபடி திறந்தது. மச்சானும் கூடவே வந்தார். பழக்கதோஷத்தில் கயிற்றை எடுக்கக் குனிந்தார்.

"வைதேகி பிடிப்பா," என்றேன். கூடத்தில் என்னோடு ஏறும் தோழி. அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

மச்சான் ஓரமாக நின்றார். என் ஃபோனை நீட்டினேன். "படம் எடுங்க மச்சான். இன்னைக்கு ரெண்டு கையும் சும்மாத்தானே இருக்கு."

வாங்கிக்கொண்டார். எடுக்கவில்லை.

ஏறினேன். பாதிச் சுவரில் குனிந்து கீழே பார்த்தேன். வைதேகியின் கை கயிற்றில்தான் இருந்தது. கொஞ்சம் ஏறி, மறுபடியும் பார்த்தேன்.