தலைத்துண்டுக்கு ஒரு பதில்

அண்ணனுக்கு,

திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் கோஸ் மூட்டை தூக்கும் உனக்கு இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாளை நம் தேயிலைத் தோட்ட ஆபீசில் எனக்கு நேர்முகத் தேர்வு. ஆள் சேர்ப்பது, விசாரிப்பது, நீக்குவது எல்லாம் பார்க்கும் அதிகாரி வேலை. ஒரு வாரமாக ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ரெங்கசாமி என்னைப் பழக்குகிறார்.

நேற்று கேட்டார்: "மழையில நிக்கிறவன் துரையைப் பார்த்தும் தலைத்துண்ட எடுக்கல. எடுடான்னா, நனையுதுங்கன்னு எதுத்துப் பேசுறான். என்ன செய்வே?"

"எச்சரிக்கை கொடுப்பேன்."

"அப்ப நீயும் உன் அண்ணன்கூடப் போய் கோஸ் ஏத்துலா! வேலைய விட்டு நிறுத்துவேன்னு சொல்லு. நாளைக்கு உன்கிட்ட இதைத்தான் கேப்பாங்க."

பத்து முறை சொல்ல வைத்தார். பத்தாவது முறை திக்காமல் வந்தது. தோளில் தட்டிக்கொடுத்தார்.

இதே தலைத்துண்டுக்காக உன்னை வேலையிலிருந்து நிறுத்திய அன்று வாய் திறக்காமல் நின்றவர்களை எல்லாம் கோழைகள் என்று திட்டியவன் நான்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மா மாதக் கடைசியில் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளும் தேர்வுக்குப் போகாதே என்று சொல்லவில்லை.

அந்தப் பதிலை நாளை சொல்லத்தான் போகிறேன். வேறு யாரும் வந்து உன்னிடம் சொல்வதற்குமுன் நானே எழுதிவிட்டேன்.

உன் தம்பி