நாற்பது வீட்டுக் குளியலறைகள்

டிசம்பர் 2

மடிகேரியில் நான்காவது நாள். விரல் விறைக்கிறது. கேஸில் தண்ணீர் காய்ச்சும் எங்கள் புது ஹீட்டரை நாற்பது குளியலறைகளில் சோதனைக்கு மாட்டியிருக்கிறோம். எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டோடு இருந்து பார்க்கலாம் என்றேன். மேலாளர் கிரீஷ் சார் போனில் சிரித்தார். "குளிக்கிறதை எப்படிம்மா பார்ப்பே? படிவத்தைக் குடு, டிக் அடிக்கட்டும்." ஒத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9

'குளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா?' முப்பத்தெட்டு பேர் ஆம். அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 11

நாற்பது வீடுகளில் ஒன்று தேச்சம்மாக்காவுடையது. அவர் படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. வாங்கப் போனேன். சும்மாதான் கேட்டேன் — குளிக்கிற மாதிரி, துணியோடயே, செஞ்சு காட்டுங்களேன். வீடியோ எடுத்தேன். சிரித்துக்கொண்டே ஹீட்டரைப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் பழைய துண்டைச் செருகினார்.

"திறந்து வைப்பேன்னு எழுதினீங்களே, அக்கா?"

"அப்படித்தானே எழுதணும்? இந்தக் குளிர்ல எவ திறப்பா? குளிச்சு வந்தா லேசா கிறுகிறுன்னு இருக்கும், நல்லாத் தூக்கம் வரும்."

ஓடிப்போய் அணைத்தேன். அது தூக்கமில்லை. மூடிய அறையில் கேஸ் எரிந்தால் சேரும், நிறமும் மணமும் இல்லாத விஷக்காற்று. இதையா நான் டிக் போட்டு அனுப்பினேன்?

டிசம்பர் 12

காலையில் இன்னும் ஆறு வீடுகளில் செய்து காட்டச் சொன்னேன். ஐந்தில் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒன்றில் ஜன்னலை ஆணியடித்தே மூடியிருக்கிறார்கள்.

கிரீஷ் சாருக்குப் போன் செய்து சொன்னேன். அவர்: "முப்பத்தெட்டு பேர் எழுதிக் குடுத்ததை விட்டுட்டு, ஆறேழு பேர் நடிச்சுக் காட்டினதை நம்பணுமா, ஷர்வாணி? திங்கட்கிழமை விற்பனை ஆரம்பம்."

வேலை போய்விடுமோ? போகட்டும். அதற்குள் யாராவது — எழுதவே பயமாக இருக்கிறது.

அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்று அவருக்கும் மேலே உள்ளவர்களுக்கு எழுதி வீடியோவையும் அனுப்பினேன். பிறகு நாற்பது வீடுகளுக்கும் போன் செய்தேன்: ஹீட்டரைத் தொடாதீர்கள். மூன்று பேர் எடுக்கவில்லை.

டிசம்பர் 13

விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கிரீஷ் சார் என்னோடு பேசவில்லை.

எடுக்காத மூன்று வீடுகளுக்கும் காலையிலேயே நேரில் போனேன். இரண்டில் அணைத்தாயிற்று. மூன்றாவதில் வீட்டுக்காரர் போபண்ணா முற்றத்தில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். "மக குளிக்கப் போயி ரொம்ப நேரமாச்சு. வந்துடுவா, உக்காருங்க."

உள்ளே ஓடினேன். குளியலறைக் கதவைத் தட்டினேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும். மறுபடி தட்டினேன். போபண்ணா என்னைத் தள்ளிவிட்டுத் தோளால் கதவை இடிக்கப் போனார்.

உள்ளேயிருந்து மகளின் குரல்: "யாரது? நிம்மதியாக் குளிக்கக்கூட விடமாட்டீங்களா?"

"அணைச்சிட்டு வெளியே வாம்மா" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈரத்தலையோடு வந்து நின்று அவள் திட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் திட்டமாட்டாளா என்றிருந்தது.