மூன்றுதான் உச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் மார்புப் புற்றுக்கட்டி கிரேடு மூன்று என்று நீ சொன்னபோது, "மூணுதானே, நாலு வரலையே, தம்பி பரீட்சை முடியட்டும்" என்றேன். ஆஸ்பத்திரி லேபில் தரை துடைக்கும் என்னை நம்பி நீயும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டாய். நேற்று லேப் அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"நாலு வரைக்கும் போறது ஸ்டேஜ்டி, எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்றது. கிரேடுல மூணுதான் உச்சம், வேகமா வளரும். மருந்து இருக்கு, ஆனா தள்ளிப்போடக் கூடாது. உன்னை யாருடி டாக்டராக்கினது?" என்றார்.

சிரித்துவிட்டு, துடைத்த தரையையே மறுபடி துடைத்தேன்.

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. இன்று ஊருக்கு வரும் மாமாவிடம் இதைத் தருகிறேன். படித்ததும் அவரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. அவர் திரும்பும்போது உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு, போர்வை போதவில்லை. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். இனி என் பேச்சைக் கேட்காதே அம்மா.

உன் மகள்